நெகேமியா வாங்காத படி

கிழக்குத்தெரு மெம்பர் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தென்மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் நான் வார்டு உறுப்பினர். சுயேச்சையாக நின்று வந்தவள். அடுத்த மாதம் எங்கள் சேகரத்து (திருச்சபை வட்டாரத்து) பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ‘தாழ்மையுள்ள தலைமை’ என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய பகுதியை எடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். காலை ஜெபத்தில் வேதத்தை வரிசையாக வாசித்து வந்ததில், எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டிய அதிபதி நெகேமியாவின் புத்தகம், 5ஆம் அதிகாரம் வந்தது. 14ஆம் வசனத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. பன்னிரண்டு வருஷகாலமாய் “நானும் என் சகோதரரும் அதிபதிகள் வாங்குகிற படியை வாங்கிச் சாப்பிடவில்லை” என்கிறார். பயணப்படி, அகவிலைப்படி, அமர்வுப்படி என்று நாம் தினமும் சொல்கிற அதே ‘படி’. எத்தனையோ தடவை வாசித்த அதிகாரம்தான், அந்தச் சொல் இதற்கு முன் கண்ணில் பட்டதே இல்லை.

அது ஏன் என்னைப் பிடித்துக்கொண்டது என்றால், போன மாதம் என் வார்டில் வாறுகால் (சாக்கடை) வேலை நடந்தது. உறுப்பினர்கள் நான்கைந்து பேர் பார்க்கப் போனோம். மதியம் ஆனதும் கான்ட்ராக்டரின் மேஸ்திரி பிரியாணிப் பொட்டலமும் இளநீரும் கொண்டுவந்து கொடுத்தார். வேப்பமர நிழலில் நின்றே சாப்பிட்டோம். எதிர்வீட்டில் பீடி சுற்றுகிற ஒரு பாட்டி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டு வாசலைத் தோண்டி மூன்று வாரம் ஆகிவிட்டது, மேலே மூடி போடவில்லை. ஒற்றைப் பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல்தான் வெளியே வந்து போகிறார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “நல்லாச் சாப்பிடு தாயி, வெயில்ல வந்திருக்க” என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே சொன்னார். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் இதைப் பெரிதுபடுத்துகிறேனா? பேச்சுக்காக மட்டும் கேட்கவில்லை, எனக்கே தெரிய வேண்டும்.


வயல்வரப்பு எழுதியது:

அக்கா, மனசில் பட்டதைச் சொல்கிறேன். கொஞ்சம் பெரிதுபடுத்துகிறீர்கள். வேலை நடக்கிற இடத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு கொடுப்பது நம்ம ஊர் வழக்கம். கொத்தனாருக்குக் கூடத்தான் டீ வாங்கிக் கொடுக்கிறோம்.

நெகேமியாவை உங்களோடு ஒப்பிட முடியாது. அவர் பெர்சிய ராஜாவுக்குப் பானபாத்திரக்காரராக இருந்தவர். எருசலேமில் அவர் பந்தியில் 150 பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், நாளொன்றுக்கு ஒரு காளையும் ஆறு ஆடும் சமைத்திருக்கிறார்கள். அத்தனையும் நடத்துகிற வசதி இருந்தவருக்குப் படி எதற்கு? பேரூராட்சி உறுப்பினருக்கு அரசு கொடுக்கிற மதிப்பூதியம் மாதம் 2,500 ரூபாய். “வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்” என்று இயேசுவே சொன்னார் (லூக்கா 10:7). ஒன்றுமே வாங்காமல் இருப்பதுதான் தாழ்மை என்றால், கடைசியில் பணக்காரர்கள் மட்டும்தான் பொதுவேலைக்கு வர முடியும். அது ஏழைகளுக்கு நல்லதா?


ஓய்வுபெற்ற தணிக்கையாளர் எழுதியது:

தம்பி வயல்வரப்பு கேட்டது நியாயமான கேள்வி. மதிப்பூதியத்தை அந்த அம்மா தாராளமாக வாங்க வேண்டும். அது சட்டப்படி வருகிறது, ஊருக்கே தெரிந்து வருகிறது. பொட்டலம் அப்படி வரவில்லை. நாளை வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகத்தில் ஏறுகிற கான்கிரீட்டின் கனம் சரியா என்று கேட்க வேண்டியவர் அவர். கேட்கப்பட வேண்டியவர் கையால் சாப்பிட்டிருக்கிறார். வாங்கியது எவ்வளவு என்பதைவிட யாரிடம் வாங்கினோம் என்பதுதான் தணிக்கையில் முதல் கேள்வி.

நான் 30 வருஷத்துக்கு மேல் கணக்குத் தணிக்கையில் இருந்தேன். நெகேமியா 5ஐ வாசிக்கும்போதெல்லாம் ஒரு கணக்கு அறிக்கையை வாசிக்கிற மாதிரியே இருக்கும். முன்னிருந்த அதிபதிகள் அப்பமும் திராட்சரசமும் 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள் என்று எழுதுகிறார். தன் பந்தியின் செலவையும் மறைக்காமல் எழுதுகிறார். அதற்கு நடுவில் 16ஆம் வசனத்தில் ஒரு வரி வருகிறது, பலர் தாண்டிப் போய்விடுவார்கள்: ஒரு வயலையும் நாங்கள் வாங்கவில்லை என்கிறார். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க ஜனங்கள் நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைக்கிறார்கள், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்குகிறார்கள், பிள்ளைகளை அடிமையாக விடுகிறார்கள். நிலம் அடிமாட்டு விலைக்குப் போகிற காலம். மதில் எழும்பி முடிந்தால் ஊருக்குள் நிலத்தின் மதிப்பு ஏறும் என்பது மதில் கட்டுகிறவருக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் ஒரு வயல்கூட வாங்கவில்லை என்கிறார். சாலை எந்தப் பக்கம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் மனை வாங்கிப்போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வரியின் எடை புரியும்.

தாழ்மை என்றவுடன் நாம் குரலையும் நடையையும் பார்க்கிறோம். மெதுவாகப் பேசுகிறார், கைகூப்புகிறார், எளிமையான சட்டை போடுகிறார் என்கிறோம். வேதம் அதைக் கணக்கில் தேடுகிறது என்பது என் துணிபு. பவுலைப் பாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகச் சபைகளில் தர்மப்பணம் திரட்டினார். அவர் கை சுத்தம் என்பதில் யாருக்குச் சந்தேகம்? ஆனாலும் தனியாகக் கொண்டுபோகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட வைத்துக்கொண்டார். “கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்” என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8:21). ‘என்னை ஆண்டவர் அறிவார்’ என்று சொல்லிக் கணக்குக் காட்டாமல் இருக்கிறவர்களுக்கு இந்த ஒரு வசனம் போதும்.

நம்மவர் ஒருவரையும் சொல்கிறேன். ஜே. சி. குமரப்பா, 1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் படிப்பு படித்தவர். 1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம் வந்தபோது, ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரண வேலையின் கணக்கைப் பார்க்க அவரை அழைத்தார்கள். தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 3 அணா என்று வரம்பு வைத்தார். அப்போது காந்தி தம் குழுவினரோடு அங்கே வந்தார். அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார் குமரப்பா. காந்தி அதை ஏற்றுக்கொண்டார். எனக்கு இதில் இரண்டு பேருடைய தாழ்மையும் தெரிகிறது. பின்னாளில் சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார் குமரப்பா. கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30ஆம் தேதி காலமானார்.


தாலுகா ஆபீஸ் ஊழியர் எழுதியது:

ஐயா எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் பங்குக்கு ஒன்று.

யோர்தான் கரையில் யோவான்ஸ்நானனிடம் ஆயக்காரர்கள் (வரி வசூலிக்கிறவர்கள்) வந்து, போதகரே, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக ஒன்றும் வாங்காதே என்றார். போர்ச்சேவகரிடம், ஒருவரையும் இடுக்கண்படுத்தாதே, பொய்க்குற்றம் சாட்டாதே, உங்கள் சம்பளமே போதும் என்றிருங்கள் என்றார் (லூக்கா 3:13, 14). வேலையில் சேர்ந்த புதிதில், இந்த ஆபீஸில் ஒரு கிறிஸ்தவன் எப்படிக் காலம் தள்ளுவது என்று அழுதிருக்கிறேன். விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். இந்த வசனம்தான் என்னை நாற்காலியில் உட்காரவைத்தது. சான்றிதழுக்கு வந்தவரைச் சும்மா மூன்று தடவை அலையவிடாமல் இருப்பதும் ஊழியம்தான் என்று அப்புறம்தான் விளங்கியது.


பனையடி எழுதியது:

தணிக்கையாளர் ஐயாவின் கருத்தோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது.

நம் சபைகளில் ‘தாழ்மை’ யாருக்குப் பிரசங்கிக்கப்படுகிறது? என் தாத்தா காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் கோயிலில் பின்னால் தரையில்தான் உட்காருவார்கள். கேள்வி கேட்டால், தாழ்மையாயிரு என்பார்கள். ஏற்கெனவே தாழ்த்தி வைக்கப்பட்டவனிடம் தாழ்மையைக் கேட்பது என்ன நியாயம்? வேதத்தில் அது மேலே இருக்கிறவனுக்குக் கொடுத்த கட்டளை. ராஜாவுக்கு உபாகமம் 17 என்ன சொல்கிறது? குதிரைகளையும் வெள்ளியையும் பொன்னையும் பெருக்காதே, நியாயப்பிரமாணத்தை உன் கையால் ஒரு பிரதி எழுதிவைத்துத் தினமும் வாசி, உன் இருதயம் உன் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளாதிருக்கட்டும். ‘உன் குடிகள்’ என்று சொல்லாமல் ‘உன் சகோதரர்’ என்று சொல்வதைக் கவனியுங்கள்.

அப்போஸ்தலர் 6ஐ எடுங்கள். ஆதிச்சபையில் கிரேக்கு பேசுகிற விதவைகள் அன்றாட விசாரணையில் (சாப்பாட்டுப் பங்கீட்டில்) கைவிடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. பந்திவிசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். பெயர்களை வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்திலிருந்து புகார் வந்ததோ அந்தப் பக்கத்து ஆட்களின் கையில் கரண்டியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். நம் அசன பண்டிகையில் (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்தில்) பந்தி விசாரிக்கிற கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவரவர் ஊரில் எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி. எஸ். அசரியா, 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேசினார். நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். உயிரையே கொடுத்து ஊழியம் செய்தவர்களைப் பார்த்துத்தான் இதைக் கேட்டார். மேலே நின்றுகொண்டு குனிந்து கொடுப்பதும் ஒருவித அதிகாரம்தான். மெம்பர் அக்கா, உங்கள் பேச்சில் இதைச் சொல்வீர்களா?


மறைக்கல்வி ஆசிரியை எழுதியது:

நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள். பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் காலடிகளைக் கழுவிய நினைவாக, எங்கள் பங்கில் பன்னிருவரின் காலடிகளைக் கழுவுவார்கள். முன்பு பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டிவிட்டுத்தான் வருவார்கள். என் அப்பா ஒருமுறை தேர்வானபோது பித்தவெடிப்பைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அழுக்கில்லாத காலைத்தான் சாமியாரிடம் நீட்ட வேண்டும் என்ற மரியாதை அது. ஆனால் அந்த இரவில் சீடர்கள் நீட்டியது எருசலேம் தெருப்புழுதி படிந்த கால்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் பொறுப்பேற்ற சில நாட்களில், 2013 மார்ச் 28 அன்று, அந்தச் சடங்கை ரோமில் இளங்குற்றவாளிகளுக்கான ஒரு சிறைக்குப் போய்ச் செய்தார். பன்னிருவரில் இரண்டு பேர் பெண்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இருந்தார்கள். 2016இல் பெண்களுக்கும் செய்யலாம் என்று விதியையே மாற்றினார். எங்கள் பங்கில் முதன்முதலாக ஒரு துப்புரவுப் பணியாளரம்மாவின் கால்களைக் கழுவியபோது கோயில் முழுக்க அமைதி. அந்த அம்மா மட்டும் காலை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். பேதுருவும் முதலில் அப்படித்தானே மறுத்தார்.


வயல்வரப்பு எழுதியது:

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் நெகேமியாவை நாம் ரொம்பத்தான் தூக்குகிறோம். 13ஆம் அதிகாரத்தில் இதே மனிதர் அந்நிய ஸ்திரீகளைக் கட்டியவர்களை அடித்து, மயிரைப் பிய்க்கிறார். இதுவா தாழ்மை? அதையும் சேர்த்துத்தான் பெண்கள் சங்கத்தில் பேச வேண்டும்.


ஓய்வுபெற்ற தணிக்கையாளர் எழுதியது:

சேர்த்துத்தான் பேச வேண்டும், தம்பி. அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். 5ஆம் அதிகாரத்திலும் அவருக்கு மிகுந்த கோபம் வருகிறது. ஆனால் அங்கே, மனதிலே ஆலோசனை பண்ணி, அப்புறம்தான் பிரபுக்களைக் கடிந்துகொள்கிறார். “இந்த வட்டியை விட்டுவிடுவோமாக” என்று தன்னையும் சேர்த்துச் சொல்கிறார். நூற்றுக்கு ஒன்று வீதம் தண்டிய வட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஆசாரியரை அழைத்து அவர்களிடம் ஆணை வாங்குகிறார். 13ஆம் அதிகாரத்தில் அந்த ஆலோசனை இல்லை. ஒரே ஆள்தான். கை சுத்தமாக இருக்கிறவனுக்கு வருகிற ஆபத்து அது, தன் கோபமெல்லாம் தேவனுடைய கோபம் என்று தோன்றிவிடும். பணியிலிருந்தபோது நானும் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு இளநிலை ஊழியரை எல்லார் முன்னாலும் வைத்துப் பேசிவிட்டேன். அவர் தலை குனிந்து நின்றது இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது.


குருத்தோலை எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். இஸ்ரவேலை நியாயம் விசாரித்த சாமுவேல் தீர்க்கதரிசியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

வயதான காலத்தில் ஜனங்களைக் கூட்டி, “நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?” என்று கேட்டார் (1 சாமுவேல் 12:3). யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்றார். ஒருவரும் குறை சொல்லவில்லை. அரசியலில் இருக்கிற ஒவ்வொருவரும் பதவி முடிகிற நாளில் ஊர் நடுவில் நின்று இதைக் கேட்க முடிந்தால் எப்படி இருக்கும்!

ஆனால் அதற்கு முந்திய வசனத்தில், “என் குமாரர் உங்களோடிருக்கிறார்கள்” என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகிறார். அந்தக் குமாரர், யோவேலும் அபியாவும், பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்து பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டியவர்கள் என்று 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எங்களுக்கு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்க அதுவும் ஒரு காரணம். எருது, கழுதைக் கணக்கெல்லாம் சொன்னவர் பிள்ளைகள் கணக்கைச் சொல்லவில்லை. வாசிக்கும்போது மனசு வலிக்கும்.

சகோதரி, கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். பல ஊர்களில் பெண் உறுப்பினரின் பெயரில் வீட்டுக்காரர்தான் வார்டை நடத்துகிறார். உங்கள் வீட்டில் எப்படி?


கிழக்குத்தெரு மெம்பர் எழுதியது:

ஒன்றும் தப்பில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். முதல் வருஷம் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. போன் என்னுடையது, எடுப்பது அவர். தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் கூப்பிட்டால் அவர் பேசுவார். கெட்ட எண்ணம் இல்லை, எனக்கு அலைச்சல் வேண்டாம் என்று நினைத்தார். சாமுவேலைப் பற்றி எழுதியதை நேற்று ராத்திரி அவரிடமே வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. காலையில் போனை என் கையில் கொடுத்துவிட்டு, “இனிமே நீயே எடு” என்றார்.

பனையடி தம்பி, நீங்கள் கேட்டதைக் கண்டிப்பாகச் சொல்வேன். எங்கள் சங்கத்தில் பந்தி பரிமாறுகிறவர்கள் எப்போதும் ஒரே நான்கு வீட்டுப் பெண்கள். நானும் அந்த நான்கில் ஒருத்தி. எழுதும்போதே கூசுகிறது. இந்த அசனத்துக்கு இரண்டு தெருவிலும் பேர் கொடுக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.


கிழக்குத்தெரு மெம்பர் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

பேச்சு முடிந்தது. இருபது நிமிஷம் கொடுத்தார்கள், பாதிக்குமேல் நெகேமியா 5இலேயே போய்விட்டது. 13ஆம் அதிகாரத்தையும் சொன்னேன். பிரியாணிக் கதையையும் சொன்னேன். எங்கள் ஐயரம்மா (போதகரின் மனைவி) முடிவில் எழுந்து, சங்கத்தின் காணிக்கைக் கணக்கை இனிமேல் மாதாமாதம் எழுதி ஒட்டுவோம் என்று சொன்னார்கள். நான் எதிர்பார்க்காதது.

வாறுகால் வேலையைப் பார்க்க மறுபடியும் போனேன். இந்தத் தடவை டிபன் பாக்ஸில் புளிச்சாதம் எடுத்துப்போனேன். பொட்டலத்தை வேண்டாம் என்றதும் மேஸ்திரிக்கு முகம் வாடிவிட்டது. பாவம், அவர் மேல் கோபமில்லை என்று சொல்லி, என் சாதத்தில் அவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன். அப்புறம் டேப் பிடித்துக் கனம் அளந்தோம். இரண்டு இடத்தில் குறைந்தது. எழுதிக்கொண்டுபோய்ச் செயல் அலுவலரிடம் கொடுத்தேன். அந்த பில் நிற்கிறது. கூடப் போன உறுப்பினர்களில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

பாட்டி வீட்டு வாசலுக்கு மூடி போட்டாகிவிட்டது. போட்ட அன்றைக்கு நானும் நின்றேன். ஈரம் காயட்டும், இரண்டு நாள் மிதிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் போனபோது, உள்ளேயிருந்தே கூப்பிட்டார். பக்கவாட்டு வழியாகப் போனேன். சின்ன எவர்சில்வர் தம்ளரில் கருப்பட்டிக் காப்பி வைத்திருந்தார். ஒரு நிமிஷம் யோசித்தேன், தணிக்கையாளர் ஐயா. யார் கையால் வாங்குகிறோம் என்று நீங்கள் எழுதியதுதான் ஞாபகம் வந்தது. முறத்தை நகர்த்தி எனக்கு இடம் போட்டார். உட்கார்ந்து குடித்தேன். வீதிவிளக்கு எரியாததைப் பற்றி அரைமணி நேரம் என்னைத் திட்டினார்.